எழுதப்படாத விதிகள்: வெளிநாட்டு மாணவர்களும் பல்கலைக்கழக நூலகங்களும்

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கக் கிளம்பும் மாணவரிடம் ஒரு பட்டியல் இருக்கும். விசா நேர்காணல், கல்விக் கடன், பகிர்ந்துகொள்ள ஓர் அறை, பிரஷர் குக்கர், பகுதிநேர வேலை என்று அது நீளும். நூலகம் அதில் வருவது அரிது. வளாகத்தின் நடுவே பெரிதாக நிற்கும் அந்தக் கட்டடம், தேர்வு நெருங்கும்போது உட்கார்ந்து படிக்கும் இடமாகவும் பிரின்ட் எடுக்கும் இடமாகவும்தான் பலருக்கு அறிமுகமாகிறது. தன் துறைக்கென்றே அங்கே ஒரு நூலகர் இருக்கிறார், நேரம் கேட்டுப் போனால் ஆய்வுக்கு உதவுவார், அங்கே இல்லாத புத்தகத்தை வேறு மாநிலத்து நூலகத்திலிருந்து பெரும்பாலும் செலவில்லாமல் வரவழைத்துத் தருவார்கள் என்பதெல்லாம் படிப்பு முடியும் தறுவாயில் தெரியவரும். சிலருக்குக் கடைசிவரை தெரியாமலே போகும்.

இந்த இடைவெளியைப் பற்றி அமெரிக்க நூலகவியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுதிவருகிறார்கள். அந்த எழுத்தின் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றியது: வெளிநாட்டு மாணவருக்கு என்ன குறை? ஆங்கிலம் போதவில்லையா, கணினிப் பழக்கம் இல்லையா, நூலகப் பழக்கமே இல்லையா? கேள்வியைத் திருப்பிப்போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகமும் எங்கும் எழுதிவைக்காத ஏராளமான விதிகளின்மேல் நடக்கிறது. உள்ளூர்ப் பள்ளியில் படித்தவர்கள் அவற்றைப் பழக்கத்தால் அறிவார்கள். வெளியிலிருந்து வருபவருக்கு அவற்றைச் சொல்லித் தர ஆளில்லை. நூலகம் முதலில் செய்ய வேண்டியது, தன் எழுதப்படாத விதிகளைக் கண்டெடுத்து வெளிப்படையாக்குவது.

எண்ணிக்கை காட்டும் மாற்றம்

அமெரிக்காவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களின் கணக்கை ‘ஓபன் டோர்ஸ்’ என்ற ஆண்டறிக்கை தருகிறது. 1948-49 கல்வியாண்டில் சுமார் 25,000 பேர் இருந்தார்கள். 2023-24இல் 11,26,690 பேர். அவர்களில் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் 3,31,602, சீனாவிலிருந்து 2,77,398. 2008-09க்குப் பிறகு இந்தியா முதலிடத்துக்கு வந்தது அப்போதுதான்.

நூலகத்தைப் பொறுத்தவரை இதில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, வந்தவர்கள் எந்தப் படிநிலையில் வந்தார்கள் என்பது. இந்திய மாணவர்களில் 1,96,567 பேர் முதுநிலை, முனைவர் படிப்புகளில் இருந்தார்கள். இளநிலையில் 36,053 பேர் மட்டுமே. மீதியில் பெரும்பாலோர் படிப்பை முடித்துவிட்டு, ஓ.பி.டி. எனப்படும் பயிற்சிக் கால அனுமதியில் வேலை செய்பவர்கள். அமெரிக்க மாணவர் இளநிலையின் நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும் நூலக வழக்கங்களை, இந்திய மாணவர் முதல் பருவத்தின் முதல் ஆய்வுக் கட்டுரைக்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நூலக அறிமுக வகுப்புகளில் பெரும்பங்கு இளநிலை முதலாண்டுக்கு நடப்பவை. முதுநிலைக்கு வருபவருக்கு ‘இதெல்லாம் தெரிந்திருக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, மொழி. இந்தியாவிலிருந்து போகிறவர்களில் பெரும்பகுதியினர் பொறியியல், கணினித் துறையினர். பட்டப்படிப்பை ஆங்கில வழியில் முடித்தவர்கள். வெளிநாட்டு மாணவர் என்றால் ஆங்கிலம் தடுமாறுபவர் என்று வைத்துக்கொண்டு அமைத்த சேவைகள், இன்று எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கும் கூட்டத்தின் தேவையைத் தொடாமலே போகின்றன. இவர்களுக்குத் தேவைப்படுவது மொழிபெயர்ப்பைவிட நடைமுறை விளக்கம்.

ஆய்வுகள் வந்த பாதை

இத்துறையின் தொடக்ககாலக் கட்டுரைகளில் ஒன்று, மேரி ஜெனிவீவ் லூயிஸ் 1969இல் ‘காலேஜ் அண்ட் ரிசர்ச் லைப்ரரிஸ்’ இதழில் ஆசிய மாணவர்களுக்கான நூலக அறிமுகம் பற்றி எழுதியது. 1982இல் டெர்ரி ஆன் மூட், 1984இல் சாலி வேமன் ஆகியோரின் கட்டுரைகள் வந்தன. 1993இல் மேரி பெத் ஆலன் இலினாய் பல்கலைக்கழகத்து வெளிநாட்டு மாணவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பும், வளரும் நாடுகளிலிருந்து வருபவர்கள் அமெரிக்க நூலகங்களில் படும் சிரமங்கள் பற்றிய ஜிமிங் லியூவின் ஆய்வும் வெளியாயின. இவை நல்ல எண்ணத்தோடு செய்த வேலைகள். பலவற்றில் மாணவரின் சொந்த நாட்டு நூலகங்கள் எப்படி இயங்குகின்றன என்று கேட்கும் அக்கறையும் உண்டு. ஆனால் மொத்தப் போக்கில் சிக்கலை மாணவரின் பக்கம் வைத்துப் பார்க்கும் சாய்வு இருந்தது. ‘ஆசிய மாணவர் மனப்பாடக்காரர், கேள்வி கேட்க மாட்டார்’ போன்ற பொதுப் படங்களும் அதனூடாகப் பரவின. சிங்கப்பூர் மாணவரையும் எத்தியோப்பிய மாணவரையும் ஒரே பெட்டியில் போட்டால் வேறென்ன படம் கிடைக்கும்?

இதற்கு எதிர்ச்சான்று, வெளிநாட்டு மாணவர்களைப் பற்றியே அல்லாத ஓர் ஆய்விலிருந்து வந்தது. கான்ஸ்டன்ஸ் மெலன் 1986இல் வெளியிட்ட கட்டுரை ‘நூலக அச்சம்’ என்ற கருத்தை நிலைநாட்டியது. அமெரிக்காவின் தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகச் சுமார் 6,000 மாணவர்கள் எழுதிய குறிப்புகளை அவர் படித்துப் பார்த்தார். 75 முதல் 85 விழுக்காடு வரையானோர் நூலகத்தோடு தங்களுக்கு ஏற்பட்ட முதல் அனுபவத்தை அச்சம் என்றே விவரித்திருந்தார்கள். கட்டடத்தின் பெரிய அளவு, எது எங்கே இருக்கிறது என்று தெரியாமை, எப்படித் தொடங்குவது, தொடங்கியபின் என்ன செய்வது என்று தெரியாமை ஆகிய நான்கும் காரணங்கள். அவற்றுக்கு மேலே ஒரு வெட்கம்: மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை, கேட்டால் அது வெளியே தெரிந்துவிடும்.

இவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மாணவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இப்படிக் கலங்கினார்கள் என்றால், சிக்கலின் வேர் மொழியில் மட்டும் இல்லை. 1992இல் ஷாரன் போஸ்டிக் இந்த அச்சத்தை அளக்க 43 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். அதைக் கொண்டு சுன் ஜியாவோ, ஆந்தனி ஆன்வெக்பூசி முதலியோர் 1996 முதல் தொடர் ஆய்வுகள் செய்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களிடம் அச்சம் கூடுதலாக இருந்தது. அதோடு, அதிகம் அஞ்சுபவர்களின் பொதுப் பண்புகளில் நல்ல மதிப்பெண்ணும் ஒன்றாக இருந்தது. கெட்டிக்கார மாணவர் கேட்கக் கூச்சப்படுவது நமக்குப் புதிய செய்தியல்ல. வெளிநாட்டு மாணவர்களிடம் செய்த ஆய்வில் முதலிடம் பிடித்த தடை, கணினி, நகல் இயந்திரம், பிரின்டர் போன்ற கருவிகளைக் கையாள்வதாக இருந்தது. நூலகரின் அறிவுரையைவிட, பிரின்டர் பக்கத்தில் ஒட்டிய நான்கு வரிக் குறிப்பு பயன்படும் இடம் அது.

வாசலிலிருந்து அலமாரி வரை

எழுதப்படாத விதிகள் என்னென்ன? தமிழ்நாட்டுக் கல்லூரியிலிருந்து போகும் மாணவரை வைத்துப் பார்க்கலாம். அவருக்குப் பழக்கமான நூலகத்தில் பையை வெளியே வைக்க வேண்டும். நுழைவுப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். இரண்டு மூன்று புத்தகங்களுக்கு மேல் எடுக்க முடியாது. படிப்பு முடியும்போது ‘நோ டியூஸ்’ வாங்காமல் சான்றிதழ் கிடைக்காது. அங்கே நூலகர் முதன்மையாகப் புத்தகங்களின் காவலர். இந்தப் பழக்கத்தோடு போகிறவர், ஒரே நேரத்தில் டஜன் கணக்கில் புத்தகம் எடுக்கலாம், பையோடு உள்ளே போகலாம், சில தளங்களில் காபி குடிக்கலாம், குழு அறையை முன்பதிவு செய்து சத்தமாக விவாதிக்கலாம் என்று தானாக ஊகிக்க மாட்டார். தடை இல்லாத இடத்திலும் தடை இருப்பதாக நினைத்து ஒதுங்குவார். அறிவிப்புப் பலகைகள் பெரும்பாலும் எதைச் செய்யக் கூடாது என்றே சொல்கின்றன. எதையெல்லாம் செய்யலாம் என்ற பலகைதான் புதியவருக்கு வேண்டும்.

அடுத்தது அலமாரி. நம் கல்லூரிகளில் பரவலாக இருப்பது டியூயி தசம வகைப்பாடு: 500 என்றால் அறிவியல், 600 என்றால் தொழில்நுட்பம். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் பெரும்பாலானவை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வகைப்பாட்டைப் பின்பற்றுகின்றன. அதில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். தொழில்நுட்பம் ‘டி’, மருத்துவம் ‘ஆர்’, தமிழ் இலக்கியம் ‘பி.எல். 4758’ஐ ஒட்டிய இடம். புள்ளிக்குப் பின் வரும் எண்ணைத் தசமமாகப் படிக்க வேண்டும் என்பது உள்ளூர் மாணவரையும் திணறடிக்கும் விதி. இதை ஐந்து நிமிடத்தில் சொல்லித்தரலாம். யாரும் சொல்லாவிட்டால் மாணவர் ‘புத்தகம் இல்லை’ என்று முடிவுசெய்து திரும்பிவிடுவார்.

திறந்த அலமாரி ஏன் முக்கியம் என்பதற்கு நம் இலக்கியத்தோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. 1959இல் அமெரிக்கா சென்று இண்டியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் ஆய்வு மாணவரான ஏ.கே. ராமானுஜன், 1962இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் பணியாற்ற வந்த புதிதில், ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடிப் போனார். கையில் கிடைத்தது உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. சங்கக் கவிதைகளை உலகம் ஆங்கிலத்தில் படிக்கக் காரணமான மொழிபெயர்ப்புகளின் தொடக்கம் அதுதான் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். சீட்டு எழுதிக் கொடுத்துக் கேட்ட புத்தகத்தை மட்டும் பெறும் மூடிய நூலகமாக இருந்திருந்தால், அவர் இலக்கணத்தோடு திரும்பியிருப்பார். அலமாரிகளுக்கிடையே அலையும் உரிமை தனக்கு உண்டு என்று வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்பதற்கு ஒரு வழி

1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், அதே ஆண்டு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜுக்கு மாணவராகப் போனார். அதுவரை கணித ஆசிரியராக இருந்தவர். நூலகவியல் அவருக்கு முற்றிலும் புதிது. இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்பது அவற்றில் நான்காவது. வாசகர் தேடுவதைக் கண்டடைய உதவும் ரெஃபரன்ஸ் சேவையைப் பற்றி எழுதும்போது, புதிதாக வரும் வாசகரை நூலகத்துக்குப் பழக்குவதை அதன் தனிப் பகுதியாகவே அவர் வகுத்தார். வாசகர் கேட்டு வரும்வரை காத்திருப்பது நூலகரின் வேலை அல்ல, முன்சென்று உதவுவதே வேலை என்ற அவருடைய நிலைப்பாடு, வெளிநாட்டு மாணவர் குறித்து இன்று நடக்கும் விவாதத்தின் மையமாக இருக்கிறது.

ரெஃபரன்ஸ் மேசைக்குப் போய்க் கேட்பது, கேட்கத் தெரிந்தவர்களுக்கான ஏற்பாடு. உச்சரிப்பைப் பற்றிய கூச்சம் உள்ளவர், மேசையில் இருப்பவர் பேராசிரியரிடம் சொல்லிவிடுவாரோ என்று நினைப்பவர், ‘இது அவருடைய வேலையா?’ என்றே தெரியாதவர் அங்கே போக மாட்டார்கள். அமெரிக்க நூலகங்கள் பரவலாக நடத்தும் இணைய அரட்டைச் சேவை இந்தத் தடையைக் கணிசமாகக் குறைக்கிறது. எழுத்தில் கேட்கலாம், யோசித்துக் கேட்கலாம், பதிலை மறுபடி படித்துப் பார்க்கலாம். சில நூலகங்கள் கூட்டாகச் சேர்ந்து இரவிலும் இதை நடத்துகின்றன. விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கும் மாணவருக்கு நேர வேறுபாடு ஒரு தடையாவதில்லை.

நேர்முக உதவியில் நூலகர்களுக்கும் பயிற்சி வேண்டும். மெதுவாகப் பேசுவது, சத்தமாகப் பேசுவதிலிருந்து வேறுபட்டது. ‘புரிந்ததா?’ என்று கேட்டால், மரியாதைக்காக ‘ஆம்’ என்று சொல்லும் பண்பாடுகள் உண்டு. ‘இப்போது நீங்கள் ஒருமுறை தேடிக் காட்டுங்கள்’ என்பது அதைவிட நல்ல கேள்வி. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கமான ஏ.சி.ஆர்.எல். 2012இல் நூலகப் பணியாளர்களின் பண்பாட்டுத் திறனுக்கான தரநிலைகளை வெளியிட்டது. தாளில் உள்ளவை முன்வரிசை மேசைக்கு வந்தால்தான் பயன். இரவில் அந்த மேசையில் இருப்பது பெரும்பாலும் பகுதிநேர மாணவ ஊழியர்.

அந்த மாணவ ஊழியரிடமே ஒரு தீர்வும் இருக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர்கள் முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க முடியாது. வளாகத்துக்குள், பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை அனுமதி உண்டு. நூலகம் அந்த வேலையைத் தரும் முக்கிய இடங்களில் ஒன்று. அங்கே வேலை பார்க்கும் இந்திய, நேபாள, நைஜீரிய மாணவர் மேசைக்குப் பின்னால் இருந்தால், மேசைக்கு முன்னால் வருபவரின் தயக்கம் பாதி குறையும். அவர்களுக்குப் புத்தகம் அடுக்கும் வேலையோடு நிறுத்தாமல், புதியவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பையும் அதற்கான பயிற்சியையும் தருவது நூலகத்துக்குக் கூடுதல் செலவில்லாத சீர்திருத்தம்.

மேற்கோளும் களவும்

எழுதப்படாத விதிகளில் மிக ஆபத்தானது, பிறர் எழுத்தைக் கையாளும் முறை. பல்கலைக்கழகத் தேர்வுக்குப் பாடநூலில் உள்ளபடியே விடை எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவர், அங்கே அதே பழக்கத்தில் அசைன்மென்ட் எழுதினால் கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டுக்கு ஆளாகிறார். உள்ளூர் மாணவருக்கு இடைநீக்கம் ஒரு பருவத்து இழப்பு. வெளிநாட்டு மாணவருக்கு விசா நிலையே போய், கடனோடு ஊர் திரும்ப நேரலாம்.

பிறர் வாக்கியங்களில் சில சொற்களை மாற்றி ஒட்டுப்போட்டு எழுதுவதை, எழுத்துக் கல்வி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் 1990களில் தனியே பிரித்து ஆராய்ந்தார். ஒரு துறையின் மொழிக்குப் புதியவர் அம்மொழியைக் கற்கும் வழியில் கடந்துபோகும் கட்டம் அது, ஏமாற்றும் நோக்கத்தோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். ஏ.சி.ஆர்.எல். 2016இல் ஏற்றுக்கொண்ட தகவல் கல்விச் சட்டகமும் புலமை என்பதைத் தொடர்ந்து நடக்கும் ஓர் உரையாடலாகப் பார்க்கச் சொல்கிறது. மேற்கோள் தருவது ஏன் என்பதை இந்தக் கோணத்தில் விளக்கினால் மாணவருக்குப் பிடிபடும். யார் என்ன சொன்னார், அதற்கு நான் என்ன சொல்கிறேன் என்ற வரிசையில் தன் இடத்தைக் காட்டுவதே மேற்கோளின் வேலை. தண்டனைப் பட்டியலோடு தொடங்கும் வகுப்பு இதைச் செய்யாது. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் 2006இல் வெளியிட்ட ஸோட்டேரோ போன்ற இலவச மென்பொருளை முதல் மாதத்திலேயே கைப்பழக்கமாக்கினால், அடிக்குறிப்புத் தவறுகளில் பெரும்பகுதி தானே குறையும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வந்தபின் இதில் புதிய சிக்கல் சேர்ந்திருக்கிறது. இல்லாத கட்டுரைகளுக்கு, இருப்பதுபோலவே தோன்றும் விவரங்களை அவை தருவதுண்டு. அவற்றைத் தேடித் தரச் சொல்லி மாணவர்கள் நூலகரிடம் வருகிறார்கள். மனிதரிடம் கேட்கக் கூசுபவர்தான் இயந்திரத்திடம் அதிகம் கேட்பார். ஆகவே, கிடைத்த சான்று உண்மையா என்று சரிபார்க்கும் பயிற்சி வெளிநாட்டு மாணவருக்கு முதலில் சேர வேண்டும்.

பாடநூலின் விலை

அமெரிக்கப் பாடநூல் ஒன்றின் விலை 100, 200 டாலர் என்று போகும். அதே நூலின் ஆசியப் பதிப்பு பல மடங்கு மலிவு. தாய்லாந்திலிருந்து கார்னெல் பல்கலைக்கழகத்துக்குக் கணிதம் படிக்க வந்த சுபப் கிர்ட்சேங், ஊரிலிருந்து மலிவுப் பதிப்புகளை வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். ஜான் வைலி பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. 6,00,000 டாலர் இழப்பீடு தரும்படி கீழமை நீதிமன்றத்தில் தீர்ப்பானது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. முறைப்படி விற்கப்பட்ட பிரதி எந்த நாட்டில் அச்சானாலும், வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம் என்றது. நூலகச் சங்கங்கள் இந்த வழக்கில் கிர்ட்சேங்கின் வாதத்தை ஆதரித்து மனு தந்திருந்தன. தீர்ப்பு எதிராகப் போயிருந்தால், வெளிநாட்டில் அச்சான புத்தகங்களை இரவல் தரும் நூலகங்களின் உரிமையும் கேள்விக்குள்ளாகியிருக்கும். வெளிநாட்டு மாணவர் ஒருவருடைய வழக்கு அமெரிக்க நூலகங்களின் அன்றாடப் பணிக்குக் காப்பாக முடிந்தது.

ஆனால் மாணவருக்கு விலைச்சுமை குறையவில்லை. பாடநூல் பிரதிகளை நூலகத்திலேயே வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு இரவல் தரும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. எல்லாப் பாடங்களுக்கும் இல்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் 2012 முதல் இலவசப் பாடநூல்களைத் தருகிறது. அவை பெரும்பாலும் இளநிலைத் தொடக்கப் பாடங்களுக்கானவை. நகலெடுப்பதிலும் பழக்கம் வேறு. பாடத்துக்கான நகல் தொகுப்புகளை 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நாட்டிலிருந்து போகிறவருக்கு, அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் ‘நியாயமான பயன்பாடு’ எல்லையை யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும். முதுநிலைப் பாடங்களின் கட்டாய நூல்களில் ஒரு பிரதியாவது குறுகிய கால இரவலுக்கு வைப்பதை நூலகம் கொள்கையாக்கினால், வேறெந்த அறிமுக நிகழ்ச்சியைவிடவும் அதிகமான வெளிநாட்டு மாணவர்கள் நூலகத்துக்குள் வருவார்கள்.

தாய்மொழி அலமாரி

அமெரிக்க நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்கள் குவிந்ததற்குக் கோதுமை ஒரு காரணம். 1954இல் இயற்றப்பட்ட பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டப்படி இந்தியாவுக்கு விற்ற தானியத்துக்கான ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் டெல்லி அலுவலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. சிகாகோ, பெர்க்லி போன்ற இடங்களின் தெற்காசியத் தொகுப்புகள் இப்படி வளர்ந்தவை. அவை ஆய்வாளர்களுக்காகச் சேர்க்கப்பட்டவை. பொறியியல் படிக்கும் தமிழ் மாணவருக்கு அவை அங்கே இருப்பதே தெரியாது.

தெரிந்து தேடினாலும் கிடைப்பது எளிதல்ல. பட்டியலில் தமிழ் நூல்கள் ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் பதிவாகின்றன. அதற்கான விதி ஒலியைவிட எழுத்தைப் பின்பற்றுவது. சிலப்பதிகாரத்தை ‘எஸ்’ எழுத்தில் தட்டினால் பல பதிவுகள் வராது. ஆங்கில ‘சி’யில் தொடங்க வேண்டும். திருக்குறளுக்கு நாம் வழக்கமாகப் போடும் ‘எச்’ அங்கே கிடையாது. பல பழைய பதிவுகளில் தமிழ் எழுத்தே இல்லை. சீன, ஜப்பானிய, அரபு நூல்களுக்கு மூல எழுத்தையும் சேர்த்துப் பதிவது நெடுங்காலமாக நடக்கிறது. இந்திய மொழிகள் பின்தங்கிவிட்டன. பழைய பதிவுகளுக்குத் தமிழ் எழுத்துத் தலைப்புகளைச் சேர்ப்பது, தமிழ் தெரிந்த மாணவ ஊழியர்களைக் கொண்டே செய்யக்கூடிய வேலை. ஊர் நினைவு வாட்டும் மாணவருக்கு ஒரு நாவல் கிடைப்பதோடு, நூலகமும் தன் கையிருப்பை முழுதாகப் பயன்படுத்தும்.

செய்துபார்த்தவை, செய்ய வேண்டியவை

இதுவரை பரவலாகக் கையாண்ட வழிகளை எடைபோடலாம். ஆகஸ்டில் நடக்கும் அறிமுகச் சுற்று மிகப் பழையது, பலனில் மிக மெலிந்தது. பயணக் களைப்பு தீராத, வங்கிக் கணக்கும் வீடும் தேடிக்கொண்டிருக்கும் வாரத்தில் தரவுத்தளங்களைப் பற்றிச் சொன்னால் எதுவும் நிற்காது. அந்த வாரத்தில் மூன்று செய்திகள் போதும்: நூலகம் உங்களுக்கு என்ன தருகிறது, யாரிடம் கேட்பது, கேட்பதற்குக் கட்டணம் இல்லை. மற்றவற்றை முதல் அசைன்மென்ட் வரும் வாரத்தில், அந்தப் பாட வகுப்புக்குள்ளேயே சென்று சொல்ல வேண்டும். பேராசிரியரின் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடக்காது. அதைக் கேட்டுப் பெறுவது துறை நூலகரின் முதல் வேலையாக வேண்டும்.

பன்மொழிச் சொற்பட்டியல்களும் காணொளிகளும் இரண்டாவது வழி. நூலகத் துறைச்சொற்களுக்குச் சீனம், கொரியம், ஸ்பானியம் முதலிய மொழிகளில் விளக்கம் தரும் பட்டியலை ஏ.சி.ஆர்.எல். பிரிவு ஒன்று தொகுத்திருக்கிறது. பயனுள்ள வேலைதான், ஆனால் பெரிய மொழிகளோடு நின்றுவிடும். எளிய ஆங்கிலத்தில் அறிவிப்புகளைத் திருத்தி எழுதினால் எல்லா மொழியினருக்கும், உள்ளூர் முதலாண்டு மாணவருக்கும் சேர்த்தே பயன் கிடைக்கும்.

வெளிநாட்டு மாணவருக்கென்று தனி நூலகரை அமர்த்துவது மூன்றாவது வழி. இதில் கருத்து வேறுபாடு உண்டு. தனி ஆள் இருந்தால் பொறுப்பு தெளிவாகும் என்பது ஒரு தரப்பு. எல்லா நூலகர்களும் செய்ய வேண்டியதை ஒருவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்குவார்கள் என்பது மறுதரப்பு. தனி நூலகர் சேவை தருபவராக இல்லாமல், நூலகத்தின் ஒவ்வொரு விதியையும் புதியவர் கண்ணால் சோதித்துத் திருத்துபவராக இருந்தால் இரு தரப்பின் கவலையும் தீரும். சர்வதேச மாணவர் அலுவலகம், எழுத்துப் பயிற்சி மையம், மாணவர் சங்கங்கள் ஆகியவற்றோடு நூலகத்தை இணைப்பதும் அவர் வேலை. புதிய மாணவர்கள் ஊரிலிருந்தே சேரும் வாட்ஸ்அப் குழுக்களில் சீனியர்கள் சொல்வதைத்தான் அவர்கள் நம்புகிறார்கள். நூலகத்தைப் பற்றிய செய்தியும் அந்தச் சீனியர்கள் வழியாகப் போக வேண்டும்.

படிப்பு முடிந்தபின் வரும் நிலையைப் பற்றிப் பேச்சே இல்லை. பட்டம் பெற்றதும் தரவுத்தள அனுமதி துண்டிக்கப்படுகிறது. 12 மாத ஓ.பி.டி.யில், அறிவியல் தொழில்நுட்பத் துறையினராயின் மேலும் 24 மாத நீட்டிப்பில், வேலை தேடும் மாணவருக்கு நிறுவனங்கள் பற்றிய தரவுத்தளங்கள் மிகவும் தேவைப்படும் நேரம் அது. ஒப்பந்தம் போடும்போது பதிப்பாளர்களிடம் முன்னாள் மாணவர் அனுமதிக்காகப் பேரம் பேசுவது நூலகங்களின் கையில் உள்ளது.

நம் வளாகங்களில்

இதையெல்லாம் அமெரிக்க நூலகங்களின் குறையாக மட்டும் படித்துவிட்டுப் போக முடியாது. உயர்கல்வி பற்றிய 2021-22ஆம் ஆண்டு அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 46,878 வெளிநாட்டு மாணவர்கள் படித்தார்கள்; கால்பங்குக்கு மேல் நேபாளத்தவர். வெளிநாட்டு மாணவர்களை ஈர்ப்பதற்கான ‘ஸ்டடி இன் இந்தியா’ திட்டம் 2018இல் தொடங்கியது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவர்களைத் தமிழ்நாட்டு வளாகங்களில் பார்க்கிறோம். அவர்களுக்கு நம் நூலகங்கள் என்ன வைத்திருக்கின்றன?

2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. இது பெரிய முன்னேற்றம். முதல் கட்டத்தில் தனியார் பல்கலைக்கழகங்கள் இதில் சேரவில்லை. வெளிநாட்டு மாணவர்கள் அங்கேயும் கணிசமாகப் படிக்கிறார்கள். இதழ்கள் வந்துவிட்டாலும், அவற்றை எப்படித் திறப்பது, விடுதியிலிருந்து எப்படிப் பார்ப்பது என்று சொல்ல ஆள் வேண்டும். கென்யாவிலிருந்து வந்த மாணவர் நம் நூலக வாசலில் நின்றால், பதிவேடு எதற்கு, பையை எங்கே வைப்பது, எத்தனை புத்தகம் எத்தனை நாளுக்கு, அபராதம் எவ்வளவு, ‘நோ டியூஸ்’ என்றால் என்ன என்பதற்கெல்லாம் ஒரு பக்கத்தில் விடை தரும் தாளை எத்தனை கல்லூரிகள் நீட்டும்?

அந்த ஒரு பக்கத் தாளிலிருந்து தொடங்கலாம். அதை நூலகர் மேசையில் உட்கார்ந்து எழுதக் கூடாது. சென்ற ஆண்டு வந்த வெளிநாட்டு மாணவர் நான்கைந்து பேரை அழைத்து, முதல் மாதத்தில் எங்கெங்கே தடுமாறினீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். ஆண்டுதோறும் அதையே திருத்த வேண்டும். இதற்கு மானியமோ புதிய பணியிடமோ தேவையில்லை. எழுதிப் பார்க்கும்போதே, காரணமில்லாமல் நீடிக்கும் விதிகள் எவை என்பதும் நூலகத்துக்கே தெரிந்துவிடும். அவற்றை நீக்கினால், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் நம்மூர் மாணவருக்கும் அதே அளவு வழி திறக்கும். நூலகம் அவருக்கும் வெளிநாடாகத்தான் இருக்கிறது.